டெல்லி குளிர்ல டீசல் டிராக்டர் ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன பண்ணணும்: ஊர்லேர்ந்து புதுசா வந்திருக்கற தம்பிங்களுக்கு

ஊர்ல வருஷக்கணக்கா டிராக்டர் ஓட்டின பசங்ககூட டெல்லிக்கு வந்த முதல் டிசம்பர்ல ஒரே இடத்துல மாட்டிக்கறாங்க. விடிஞ்சும் விடியாம பனிமூட்டத்துல போய் உக்காந்து சாவியைத் திருப்பறாங்க, செல்ஃப் ரெண்டு முக்கு முக்குது, அப்புறம் டக் டக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மார்கழியிலகூட ஊர்ல ஒரே தட்டுல எடுக்கற வண்டி இங்க ஏன் இப்படிப் பண்ணுதுன்னு புரியாம திருப்பித் திருப்பி சாவியைப் போட்டு, இருந்த பேட்டரியையும் காலி பண்ணிட்டு, அதுக்கப்புறம்தான் எனக்கு போன் வரும். “அண்ணே, வண்டி எடுக்க மாட்டேங்குதுண்ணே.”

எனக்கு வந்தவாசி பக்கம். நஜஃப்கர் தாண்டி ஒரு நர்சரியில வண்டிப் பொறுப்பு பாக்கறேன், ரெண்டு டிராக்டர், ஒரு தண்ணி டேங்கர், ரெண்டு டிராலி. பதினாலு குளிர்காலம் இந்த வண்டிங்களோட போயிருக்கு. 2021 ஜனவரி 1-ஆம் தேதி காலையில சப்தர்ஜங் வானிலை நிலையத்துல 1.1 டிகிரின்னு பதிவாச்சு இல்லயா, அன்னிக்கும் எட்டு மணிக்குள்ள டேங்கர் கிளம்பிச்சு. அதுக்குக் காரணம் டெல்லி-ஹரியானா எல்லையில, திக்ரி பார்டர்ல பாத்தது. அப்ப அங்க பஞ்சாப் ஹரியானா விவசாயிங்க நவம்பர் கடைசிலேர்ந்து டிராக்டரோட போராட்டத்துல உக்காந்திருந்தாங்க, நம்ம ஊர்க்காரர் ஒருத்தரோட பாக்கப் போயிருந்தேன், அங்க ஒரு பெரிய சர்தார் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி பானெட் மேல பழைய ரஜாய், அதாவது பஞ்சு வெச்ச கனமான போர்வை, போத்திட்டு இருந்தார். இப்பவே எதுக்குன்னு கேட்டேன். “சுபஹ் கா காம் ஷாம் கோ”ன்னார். காலை வேலையை சாயங்காலமே செஞ்சுடணும்னு அர்த்தம். கீழ நான் சொல்றதுல பாதி அந்த ஒரு வரியோட விளக்கம்தான்.

முதல்ல குளிர் வண்டியை என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கோங்க, அது புரிஞ்சா மிச்சமெல்லாம் தானா வரும். பெட்ரோல் வண்டி மாதிரி டீசல் எஞ்சின்ல பிளக் பொறி கிடையாது. சிலிண்டர்ல இருக்கற காத்தை பதினாறு பதினெட்டு மடங்கு அமுக்கறப்ப அந்தக் காத்து சூடாகி, அந்த சூட்டுலதான் டீசல் பத்திக்குது. இப்ப வெளிக்காத்து ஊர்ல 28 டிகிரி, இங்க 4 டிகிரின்னு வெச்சுக்கோங்க. அமுக்கின பிறகு குறையறது அதே 24 டிகிரின்னு நினைக்காதீங்க, அதைப் போல ரெண்டு ரெண்டரை மடங்கு குறையும். அதுக்கு மேல ராத்திரி பூரா ஜில்லுனு கிடந்த இரும்பு பிளாக்கும் பிஸ்டனும் இருக்கற சூட்டை உறிஞ்சிக்கும். செல்ஃப் வேகமா சுத்தினா சூடு வெளிய போறதுக்குள்ள பத்திக்கும், மெதுவா சுத்தினா சூடும் போகும் கம்ப்ரெஷனும் ரிங் வழியா கசிஞ்சு போகும். அந்த வேகத்தைத் தர வேண்டிய பேட்டரியோ அதே குளிர்ல சோர்ந்து கிடக்கும், எஞ்சின் ஆயில் வேற தேன் மாதிரி கெட்டியாகி செல்ஃபைப் பின்னாடி இழுக்கும். எல்லாம் ஒரே நேரத்துல நமக்கு எதிரா வேலை செய்யுது. அதனால எது கோளாறுன்னு கண்டுபிடிக்காம சாவியை மட்டும் போட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணும் நடக்காது.

சாவியைத் தொடறதுக்கு முன்னாடி

கியர் நியூட்ரல், ஹை-லோ லீவரும் நியூட்ரல், பி.டி.ஓ. (பின்னாடி மாட்டற கருவியைச் சுத்த வைக்கற தண்டு) ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டாச்சு. லிஃப்ட்ல கல்டிவேட்டர் மாட்டியிருந்தா தரையில இறக்கி வெச்சிருக்கணும். அப்புறம் ஸ்டாப் ராட். என்ஜினை நிறுத்த இழுக்கற அந்த குமிழை நேத்து ராத்திரி இழுத்தவங்க உள்ள தள்ளாம விட்டிருப்பாங்க, டீசல் பம்ப் மூடியே இருக்கும், இங்க நாம அரை மணி நேரம் செல்ஃப் அடிச்சிட்டு இருப்போம். எனக்கு வர்ற போன்ல மாசத்துல ஒண்ணு இதுதான். புது மாடல்ல குமிழுக்குப் பதிலா கரண்ட்ல டீசலைத் திறந்து மூடற சாலினாய்டு இருக்கும், சாவி ஆன் பண்ணினா பம்ப் பக்கம் ஒரு சின்ன ‘டிக்’ கேக்கணும், கேக்கலைன்னா ஃபியூஸும் அந்த ஒயரும் பாருங்க. டேங்க் அடியில டீசல் டேப் திறந்திருக்கான்னு பாருங்க, டீசல் திருட்டு பயத்துல நிறைய பேர் ராத்திரி மூடிட்டுப் போறாங்க.

இதெல்லாம் சரின்னா கிளட்சை முழுசா மிதிங்க. ஊர்ல யாரும் இதைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. கியர்பாக்ஸ் ஆயில் குளிர்ல இறுகிக் கிடக்கும், கிளட்ச் மிதிக்கலைன்னா செல்ஃப் எஞ்சினோட சேத்து அந்த ஆயிலையும் கலக்கணும். மிதிச்சுட்டா அந்த பாரம் கழண்டுடும், சுத்தற வேகத்துல வித்தியாசம் காதுலயே தெரியும். ஹேண்ட் ஆக்சிலரேட்டரை பாதிக்குக் கொண்டு வாங்க. இப்ப சாவி. பத்து செகண்ட், அதிகம் போனா பதினஞ்சு. எடுக்கலைன்னா விட்டுட்டு ஒரு நிமிஷம் முழுசா காத்திருங்க, செல்ஃப் ஆறணும், பேட்டரியும் கொஞ்சம் தெளியும். மூணு தடவைக்கு மேல போடாதீங்க. அந்த மூணு தடவையும் ரெண்டே விஷயத்தைக் கவனிங்க: செல்ஃப் என்ன சத்தம் போடுது, சைலன்சர்ல என்ன புகை வருது. கோளாறு எங்கன்னு அந்த ரெண்டும் சொல்லிடும்.

செல்ஃப் சுத்தல, இல்ல முக்கி முக்கி சுத்துது

இது கரண்ட் பக்கத்துக் கோளாறு, குளிர்காலத்துல பாதிக்கு மேல இதுதான். நம்ம 40 எச்.பி. வண்டிங்கள்ல 75 இல்ல 88 ஆம்பியர் அவர் பேட்டரி இருக்கும். 0 டிகிரி பக்கம் போறப்ப அதோட கொள்ளளவுல அஞ்சுல ஒரு பங்கு காணாமப் போயிடும். புது பேட்டரி அதைத் தாங்கும். மூணு வருஷம் அடி வாங்கின பேட்டரி, அதுவும் அரை சார்ஜ்ல இருந்தா தாங்காது. அக்டோபர் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சுன்னு கேப்பீங்க, அப்பவே போய்ட்டுதான் இருந்திருக்கும், குளிர் வந்து காட்டிக் கொடுத்திருக்கு.

ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கிக்கோங்க, பெரிய விலை இல்ல. ராத்திரி பூரா நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினா ஃபுல் சார்ஜ். 12.4-ன்னா முக்கால். 12.2-ன்னா பாதிதான் இருக்கு, டெல்லி ஜனவரிக்குப் பத்தாது. 12-ன்னா கழட்டி சார்ஜருக்குக் கொண்டு போங்க, செல்ஃப் அடிக்காதீங்க. அப்புறம் ஒருத்தரை சாவி போடச் சொல்லி சுத்தறப்ப பாருங்க, 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி வீக். விழாம 11 பக்கம் நின்னுக்கிட்டே செல்ஃப் மட்டும் முக்குதுன்னா பேட்டரி மேல தப்பில்ல, நடுவுல எங்கயோ கரண்ட் மாட்டிக்குது.

அந்த ‘நடுவுல’ங்கறது பெரும்பாலும் டெர்மினல். பச்சை கலந்த வெள்ளைப் பொடி பூத்திருக்கும். செல்ஃப் இழுக்கறது இருநூறு முன்னூறு ஆம்பியர், அந்தப் பூப்பு வழியா அவ்வளவும் போகாது, லைட் பளிச்சுனு எரியும் ஆனா செல்ஃப் டக்குனு நின்னுடும். மீட்டர் இல்லாத இடத்துல நான் பண்றது, ரெண்டு தடவை செல்ஃப் அடிச்சுட்டு உடனே ஒவ்வொரு டெர்மினலா, கேபிள் முனையா, சேசிஸ்ல எர்த் பட்டை போல்ட் போட்ட இடமா கையை வெச்சுப் பாப்பேன். எந்த ஜாயின்ட் சூடா இருக்கோ அங்கதான் கோளாறு. அந்தக் குளிர்ல கொஞ்சம் சூடுன்னாலும் கைக்கு உடனே தெரியும். கழட்டறப்ப மைனஸை முதல்ல கழட்டுங்க, மாட்டறப்ப மைனஸைக் கடைசியா மாட்டுங்க, ஸ்பானர் பாடியில பட்டு ஷார்ட் ஆகாது. சுடுதண்ணியில சமையல் சோடா கலந்து ஊத்தினா பூப்பு பொங்கி கரைஞ்சு போகும், செல் மூடி வழியா உள்ள போகாமப் பாத்துக்கோங்க. உப்புத்தாள்ல தேச்சு பளபளன்னு ஆக்கி இறுக்கி மாட்டிட்டு மேல வாசலின் தடவுங்க. எர்த் பட்டையை மறந்துடாதீங்க, பெயின்ட் மேலயே போல்ட் போட்டு வெச்ச வண்டி நிறைய பாத்திருக்கேன்.

பேட்டரியும் சரி டெர்மினலும் சரி, ஆனா நாலு நாளைக்கு ஒருக்கா டவுன் ஆகுதுன்னா சார்ஜிங் பாருங்க. வண்டி ஓடறப்ப பேட்டரியில 13.8-லேர்ந்து 14.4 வோல்ட் இருக்கணும். இல்லைன்னா ஃபேன் பெல்ட் லூஸா இருக்கும், இல்ல டைனமோ போயிருக்கும். பனிக்காலத்துல லைட் போட்டுக்கிட்டு அரை கிலோமீட்டர் போய் தண்ணி ஊத்திட்டு ஆஃப் பண்றதும், மறுபடி ஸ்டார்ட் பண்றதும்தான் நம்ம வேலையே, எடுத்த கரண்ட் திரும்ப ஏறாது. வாரத்துல ஒரு நாளாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்க.

பக்கத்து வண்டியிலேர்ந்து ஜம்ப் பண்ணணும்னா அது 12 வோல்ட் வண்டியா இருக்கணும், லாரி பஸ்ல 24 வோல்ட் இருக்கும், அதைத் தொடவே கூடாது. சிவப்புக் கேபிள் நம்ம பிளஸ், அவங்க பிளஸ். கறுப்பு அவங்க மைனஸ், கடைசி முனையை நம்ம எஞ்சின் பிளாக்ல பெயின்ட் இல்லாத இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரி மேல ஹைட்ரஜன் வாயு இருக்கும், பக்கத்துல பொறி பறந்தா வெடிக்கும், அதுக்குத்தான் இந்தத் தள்ளி மாட்டற வேலை. அவங்க வண்டியை ஓட விட்டு ஒரு அஞ்சு பத்து நிமிஷம் நம்ம பேட்டரிக்குள்ள கொஞ்சம் ஏறினதும் செல்ஃப் அடிங்க.

நல்லா சுத்துது, ஆனா புகையே இல்ல

இது முக்கியமான அடையாளம். எஞ்சின் நல்ல வேகத்துல சுத்தியும் சைலன்சர்ல துளிகூட புகை வரலைன்னா உள்ள டீசல் போகல. ஸ்டாப் ராடும் டேப்பும் முதல்லயே பாத்தாச்சுன்னா மிச்சம் இருக்கறது மூணு: மெழுகு, தண்ணி, காத்து.

மெழுகுன்னா என்னன்னு சொல்றேன். ஊர்லேர்ந்து கொண்டு வந்த தேங்கா எண்ணெய் பாட்டில் இங்க நவம்பர்லயே கல்லாட்டம் ஆகி, வெயில்ல வெச்சு எடுத்துத்தானே தலைக்குத் தடவறீங்க? டீசல்லயும் அது மாதிரி உறையற மெழுகு கலந்திருக்கு, குளிர் ஏற ஏற அது பொடிப் பொடியா பிரிஞ்சு ஃபில்டர் பேப்பர்ல போய் அடைச்சுக்கும். அதனாலதான் நம்ம நாட்டு டீசல் தரக்கட்டுப்பாடு ஐ.எஸ். 1460-ல குளிர்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் தனித்தனி அளவு வெச்சிருக்காங்க. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வர்ற டீசல் 6 டிகிரி வரைக்குமாவது ஃபில்டரை அடைக்காம போகணும், மத்த மாசத்து டீசலுக்கு அது 18 டிகிரி வரைக்கும்தான். இப்ப யோசிங்க, செப்டம்பர்ல கேன்ல பிடிச்சு ஷெட்ல வெச்ச டீசலை ஜனவரியில ஊத்தினா என்ன ஆகும்?

நான் ஊத்தியிருக்கேன். வந்த ரெண்டாவது வருஷம். மழைக்காலத்துல மோட்டருக்கு வாங்கின டீசல் நாப்பது லிட்டர் மிச்சம் இருந்துச்சு, வீணாக வேணாம்னு ஊத்திட்டேன். மறுநாள் ஃபில்டரைக் கழட்டினா உள்ள வெள்ளையா வனஸ்பதி மாதிரி. ரெண்டு நாள் தண்ணி டேங்கர் போகல, கன்னு எல்லாம் வாடிப் போச்சு, அதுக்கு நான்தான் பொறுப்புன்னு இன்னிக்கும் மனசுல இருக்கு. அதுலேர்ந்து கேன்ல தேதி எழுதாம டீசல் உள்ள வராது எங்க ஷெட்டுக்கு. சந்தேகம் இருந்தா டேங்க்லேர்ந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு ராத்திரி வெளிய வைங்க. காலையில மோர் தண்ணி மாதிரி மங்கியிருந்தா மெழுகு. மேல தெளிவா, அடியில உருண்டையா தனியா ஏதாவது நின்னா தண்ணி.

மெழுகு அடைச்சிருந்தா ஃபில்டர் கிண்ணத்தைச் சுத்தித் துணியைக் கட்டி சுடுதண்ணியை மெதுவா ஊத்துங்க, டீசல் பைப் மேலயும் ஊத்துங்க. கொதிக்கற தண்ணி வேணாம், கை பொறுக்கற சூடு போதும். பம்ப் மேல ஊத்தாதீங்க. கால் மணி நேரத்துல மெழுகு இளகிடும். வண்டி எடுத்தப்புறம் பழைய டீசலை வெயில் காலத்துக்கு ஒதுக்கிட்டு பங்க்ல புதுசா போடுங்க. மண்ணெண்ணெய் கலந்தா உறையாதுன்னு இங்க பழைய ஆளுங்க சொல்வாங்க, உறையாதுங்கறது உண்மைதான், ஆனா பம்ப்புக்கும், சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சற நாசிலுக்கும் டீசல்தான் மசகு, மண்ணெண்ணெய்ல அந்த வழுவழுப்பு கம்மி. ஒரு குளிர்காலத்தை ஓட்டிடலாம், அடுத்த வருஷம் பம்ப் வேலைக்குப் பணம் எடுத்து வைக்கணும். நான் கலக்க விடறதில்ல.

தண்ணி எப்படி வருதுன்னா, பாதி டேங்க் காலியா இருந்தா அந்த காலி இடத்துல இருக்கற ஈரக்காத்து ராத்திரி குளிர்ல டேங்க் சுவர்ல வேர்த்து கீழ இறங்கும். டெல்லி ஜனவரி பனிமூட்டத்துல காத்து எவ்வளவு ஈரமா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். தண்ணி டீசலை விட கனம், அடியில போய் நிக்கும். ஃபில்டருக்கு முன்னாடி இருக்கற கிண்ணத்துல, இல்ல ஃபில்டர் அடியில, ஒரு டிரெய்ன் ஸ்க்ரூ இருக்கும். காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அதைத் திறந்து ஒரு டம்ளர்ல பிடிங்க, சுத்த டீசல் வந்ததும் மூடுங்க. அரை நிமிஷ வேலை.

மூணாவது காத்து, ஏர் லாக். ரப்பர் ஹோஸ் குளிர்ல விறைச்சு முனையில சுருங்கும், வாஷர் பழசா இருந்தா ராத்திரியில டீசல் மெதுவா டேங்குக்கே திரும்பி இறங்கி அந்த இடத்துல காத்து உக்காந்துக்கும். இதை எடுக்கறது புதுசா வந்தவங்க கட்டாயம் கத்துக்க வேண்டிய வேலை. டேங்க்ல கால்வாசிக்கு மேல டீசல் இருக்கணும், டேப் திறந்திருக்கணும். ஃபில்டர் தலையில இருக்கற சின்ன பிளீடிங் போல்ட்டை ரெண்டு சுத்து லூஸ் பண்ணுங்க. ஃபீட் பம்ப்ல, அதாவது டேங்க்லேர்ந்து டீசலை இழுத்து அனுப்பற சின்ன பம்ப்ல, ஒரு கை லீவர் இருக்கும், இல்ல கையால அமுக்கற குமிழ் இருக்கும், அதை அடிச்சுக்கிட்டே இருங்க. முதல்ல நுரையும் கொப்புளமுமா வரும். கொப்புளம் நின்னு டீசல் தாரையா வர்றப்ப, வந்துக்கிட்டு இருக்கறப்பவே, போல்ட்டை இறுக்குங்க. அடிக்கறதை நிறுத்திட்டு இறுக்கினா மறுபடி காத்து ஏறிடும். லீவர் அடிக்கறப்ப கையில பிடிப்பே இல்லாம லொடலொடன்னு இருந்தா உள்ள கேம் மேல தூக்கி நிக்குதுன்னு அர்த்தம், எஞ்சினை ஒரு சுத்து சுத்திட்டு அடிச்சா பிடிப்பு வரும். ரெண்டு ஃபில்டர் இருந்தா ரெண்டுலயும், அப்புறம் பம்ப்ல இருக்கற பிளீடிங் ஸ்க்ரூலயும் இதே மாதிரி. அதுக்கப்புறமும் எடுக்கலைன்னாதான் நாசிலுக்குப் போற பைப் நட்டை ஒரு சுத்து லூஸ் பண்ணி செல்ஃப் அடிச்சு, டீசல் சொட்டினதும் இறுக்கணும். அங்க கையை நீட்டாதீங்க, முகத்தைப் பக்கத்துல கொண்டு போகாதீங்க. நாசில் பைப்ல வர்ற பிரஷர் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், சின்ன ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனா அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

எடுத்த பிறகு காத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடுங்க. தினமும் காலையில ஏர் எடுக்கறது ஒரு வைத்தியமே இல்ல. டேங்க்லேர்ந்து ஃபீட் பம்ப் வரைக்கும் ஹோஸ், கிளிப், தாமிர வாஷர் மூணையும் மாத்திட்டா பெரும்பாலும் தீரும், காஷ்மீரி கேட், மோரி கேட் பக்கம் ஸ்பேர் கடைங்கள்ல எல்லாம் கிடைக்கும், பழைய வாஷரைக் கையோட எடுத்துட்டுப் போங்க, அளவு சொல்லிப் புரிய வைக்கறதை விட காட்டறது சுலபம்.

சுத்துது, வெள்ளைப் புகையும் வருது, ஆனா பத்தல

வெள்ளைப் புகைன்னா டீசல் உள்ள போகுது, சூடு பத்தாம எரியாம ஆவியா வெளிய வருதுன்னு அர்த்தம். பாதி கிணறு தாண்டியாச்சு. முதல்ல உங்க வண்டியில ஹீட்டர் இருக்கான்னு தெரிஞ்சுக்கோங்க. சில வண்டியில சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக், சிலதுல காத்து உள்ள போற மேனிஃபோல்டுல தெர்மோஸ்டார்ட்னு ஒண்ணு, சாவியைப் பாதி திருப்பினா சூடாகும். நிறைய டி.ஐ. (டீசலை நேரா சிலிண்டருக்குள்ள பீய்ச்சற) வண்டியில ரெண்டுமே கிடையாது. இருந்தா சாவியை ஹீட்ல வெச்சு பதினஞ்சு இருபது செகண்ட் பிடிச்சிட்டு அப்புறம் செல்ஃப். ஊர்ல அதைத் தொட்டதே இல்லைங்கறதால எத்தனையோ பேருக்கு அந்த பொசிஷன் இருக்கறதே தெரியாது. வேலை செய்யுதான்னு பாக்க, ஹீட்ல பிடிச்சிட்டு மேனிஃபோல்டுல அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்க, கதகதன்னு இருக்கணும். இல்லைன்னா ஒயர், ஃபியூஸ், அதுக்கப்புறம் பிளக்.

ஹீட்டர் இல்லாத வண்டிக்கு வேகமா சுத்தறதுதான் ஒரே சூடு. பேட்டரியை மறுபடி பாருங்க. ஆயிலைப் பாருங்க. 20டபிள்யூ-40 போட்டிருந்தா அடுத்த சர்வீஸ்ல, வண்டி புத்தகத்துல அனுமதி இருந்தா, 15டபிள்யூ-40 போடுங்க. முன்னாடி வர்ற எண் சின்னதா இருந்தா குளிர்ல இளகலா இருக்கும்னு அர்த்தம், அதுக்கு மேல பெரிய கணக்கு ஒண்ணும் இல்ல.

இதெல்லாம் சரியா இருந்தும் தினமும் வெள்ளைப் புகையோட நெடுநேரம் அடிச்சாத்தான் எடுக்குதுன்னா, வெயில் ஏறின பிறகு பிரச்சனையே இல்லைன்னா, வால்வ் கிளியரன்ஸ், நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரெஷன்னு போகும். இது மிஸ்திரி, அதாவது மெக்கானிக் வேலை. போறப்ப “ஸ்டார்ட் ஆகல”ன்னு மட்டும் சொல்லாதீங்க. செல்ஃப் வேகமா சுத்துது, பேட்டரி 12.6, வெள்ளைப் புகை வருது, ஏர் எடுத்தாச்சு, ஃபில்டர் புதுசுன்னு சொல்லுங்க. ஹிந்தி சரியா வராட்டியும் ‘ஸஃபேத் துவா(ன்)’, அதாவது வெள்ளைப் புகைன்னு சொன்னா புரிஞ்சுப்பாங்க. அந்த அஞ்சு விஷயம் சொன்னா பேட்டரி மாத்து, செல்ஃப் மாத்துன்னு தேவையில்லாம செலவு வைக்க முடியாது.

கறுப்புப் புகை வந்து திணறினா ஏர் கிளீனர் அடைச்சிருக்கும், அதைப் பாருங்க. ஆயில் பாத், அதாவது ஆயில்ல தூசியைப் பிடிக்கற ஏர் கிளீனர்னா, அதோட கிண்ணத்துல கோடு வரைக்கும்தான் ஆயில், அதுக்கு மேல ஊத்தாதீங்க. அவ்வளவுதான்.

உசுருக்கு உலை வைக்கற நாலு பழக்கம்

இங்க கிராமத்துப் பக்கம் காலையில இதையெல்லாம் பாப்பீங்க, எல்லாரும் பண்றாங்களேன்னு பண்ணிடாதீங்க. கோணித்துணியில டீசல் நனைச்சு கொளுத்தி காத்து உள்ள போற குழாய் முன்னாடி பிடிக்கறது ஒண்ணு, ஆயில் சம்ப் அடியில வைக்கோல் எரிக்கறது இன்னொண்ணு. டீசல் கசியற இடம், ரப்பர் ஹோஸ், ஒயர் எல்லாம் அங்கதான் இருக்கு. வண்டியே பத்திக்கும். மூணாவது, ஈதர் ஸ்ப்ரே. ஹீட்டர் பிளக்கோ தெர்மோஸ்டார்ட்டோ இருக்கற வண்டியில அதை அடிச்சா மேனிஃபோல்டுக்குள்ளயே வெடிக்கும், இல்லாத வண்டியிலயும் பிஸ்டனையும் ரிங்கையும் உடைச்சுடும்.

நாலாவதுதான் ஆளைக் கொல்றது. செல்ஃப் மோட்டார் சாலினாய்டுல ஸ்க்ரூடிரைவர் வெச்சு ரெண்டு முனையையும் சேத்து ஸ்டார்ட் பண்றது. கிளட்ச் மிதிச்சாதான், நியூட்ரல்ல இருந்தாதான் செல்ஃப் அடிக்கணும்னு வெச்சிருக்கற பாதுகாப்பு சுவிட்சை இது தாண்டிப் போயிடுது. நீங்க கீழ பெரிய சக்கரத்துக்கு முன்னாடி குனிஞ்சு நிக்கறீங்க, வண்டி கியர்ல இருக்கு, எடுத்த வேகத்துல உங்க மேல ஏறிடும். ஓடித் தப்பிக்க நேரம் இருக்காது. தம்பி, எவ்வளவு அவசரம்னாலும், முதலாளி எவ்வளவு கத்தினாலும், இதை மட்டும் செய்யாதீங்க. சீட்ல உக்காந்து சாவியில எடுக்காத வண்டி அன்னிக்கு நிக்கட்டும்.

எடுத்தப்புறம்

உடனே ஆக்சிலரேட்டரை முறுக்காதீங்க. ஆயில் மேல வால்வ் வரைக்கும் ஏற கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆயில் பிரஷர் லைட் அணைஞ்சிருக்கான்னு பாத்துட்டு, ஐடிலுக்குக் கொஞ்சம் மேல, ஆயிரம் சுத்து பக்கத்துல அஞ்சு நிமிஷம் விடுங்க. மூடின ஷெட்டுக்குள்ள வேணாம், கதவைத் திறந்து வெளிய கொண்டு வந்து ஓட விடுங்க, புகை மூச்சை அடைக்கும். அந்த அஞ்சு நிமிஷத்துல டீ குடிச்சிட்டு டயர் காத்து பாத்துட்டு வரலாம்.

சாயங்கால வேலை

இதுதான் சர்தார் சொன்னது. வண்டியை விடறப்ப டேங்க்கை நிரப்பிட்டு விடுங்க, காலி இடம் இல்லைன்னா வேர்வைத் தண்ணி இல்ல. காலையில வெயில் எந்தப் பக்கம் முதல்ல விழுதோ அந்தப் பக்கம் எஞ்சினைத் திருப்பி நிறுத்துங்க, ஷெட் இருந்தா ஷெட்ல. முடிஞ்சா லேசா இறக்கத்துல, சக்கரத்துக்குக் கட்டை வெச்சு. எஞ்சின் கொஞ்சம் ஆறினதும் பானெட் மேல பழைய ரஜாயோ கோணியோ போத்துங்க, சைலன்சர்ல படாம. காலையில எடுக்கறதுக்கு முன்னாடி அதை எடுத்துடணும், ஃபேன்ல மாட்டினா பெரிய வேலை. ரொம்பக் குளிர் அறிவிப்பு வந்தா, அல்லது பேட்டரி பழசுன்னா, பேட்டரியைக் கழட்டி ரூமுக்குள்ள கொண்டு போயிடுங்க. தரையில வைக்காம ஒரு பலகை மேல வைங்க. காலையில கதகதப்பா கொண்டு போய் மாட்டினா அதே பேட்டரி வேற மாதிரி அடிக்கும். ரெண்டு பேர் ஒரே ரூம்ல படுத்திருந்தா அதை ஜன்னல் பக்கம் வைங்க, ரூமுக்குள்ள சார்ஜ் மட்டும் போடாதீங்க.

ரேடியேட்டர்ல வெறும் தண்ணிதான் ஓடுதுன்னா கூலன்ட் போட்டுக்கோங்க. டெல்லியில தண்ணி உறையற அளவு பெரும்பாலும் போகாது, ஆனா துருப்பிடிக்காம இருக்கும். சுடுதண்ணி ஊத்தறதுன்னா ஜில்லுனு இருக்கற பிளாக்ல கொதிக்கக் கொதிக்க ஊத்தி வெடிப்பு விடாம, வெதுவெதுப்பா ஊத்துங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறற அவசரத்துல வண்டியை அப்படியே விட்டுட்டுப் போய், பத்து நாள் கழிச்சு வந்து எடுக்கலைன்னு நிக்கறது வருஷா வருஷம் நடக்குது, ஏன்னா ஜனவரி நடுவுலதான் இங்க குளிர் உச்சத்துல இருக்கும். போறதுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஓட்டி பேட்டரியை ஏத்துங்க, டேங்க் நிரப்புங்க, தண்ணி டிரெய்ன் பண்ணுங்க, மைனஸ் டெர்மினலைக் கழட்டி விடுங்க, ஸ்டாப் ராட் எந்த நிலையில இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங்ல கட்டிட்டுப் போங்க. இங்கயே தங்கற பையன் யாராவது இருந்தா, நாலு நாளைக்கு ஒருக்கா மைனஸை மாட்டி, ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓட விடச் சொல்லுங்க. அவனுக்கு ஊர்லேர்ந்து வர்றப்ப ஒரு முழுக் கரும்பு எடுத்துட்டு வாங்க.